பேசியது ஒரு தொகை, கேட்பது ஒரு தொகையா? கூடுதல் கட்டணம் பற்றிச் சட்டம் சொல்வது

ராயபுரத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் எண்ணூருக்கு வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடி ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நம்பரைப் பிடிக்கிறார்கள். கட்டில், பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "எல்லாம் சேர்த்து 14,000" என்று பதில் வருகிறது. "சரி, ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வந்துடுங்க" என்று சொல்லி, 3,000 ரூபாய் அட்வான்ஸையும் ஜிபே செய்துவிடுகிறார்கள்.

ஞாயிறு மதியம் எண்ணூர் வீட்டு வாசலில் லாரி நிற்கிறது. பின்கதவு திறக்கவில்லை. "அக்கா, லிஃப்ட் இல்லன்னு நீங்க சொல்லவே இல்ல. மாடிக் கூலி தனி. எக்ஸ்பிரஸ் ரோட்ல கன்டெய்னர் லாரி வரிசையில மாட்டி மூணு மணி நேரம் வெயிட்டிங். டீசலும் ஏறிப்போச்சு. மேல 6,000 கொடுத்தா இறக்கிடுறோம்" என்கிறார் லாரியில் வந்தவர்.

வடசென்னையில் வீடு மாறிய பலருக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. பெயிண்டர், ஏசி மெக்கானிக், கேட்டரிங், மண்டப வாடகை, படகு எஞ்சின் ரிப்பேர் என்று எந்த வேலையிலும் இதே கதை வரலாம். வேலை தொடங்கும்போது ஒரு தொகை, முடியும்போது வேறொரு தொகை. பெரும்பாலானோர் "சரி, தொலையட்டும்" என்று கொடுத்துவிடுகிறோம். சிலர் வாசலிலேயே சண்டை போடுகிறோம். இந்தப் பணத்தைத் தர வேண்டுமா, கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்க முடியுமா என்பதற்கு இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லேயே பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில் பலருக்குத் தெரியாது.

ராயபுரம் ஸ்டேஷன் காலத்துச் சட்டம்

தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. அதற்கு 16 ஆண்டுகள் கழித்து வந்தது ஒப்பந்தச் சட்டம். அன்றைக்குச் சரக்கு ஏற்றி இறக்குவது என்றாலே ரயில் கம்பெனிதான். ஆகவே சட்டத்தை எழுதியவர்கள் பிரிவு 72-க்கு உதாரணம் காட்டும்போது ஒரு ரயில் கம்பெனியையே எடுத்துக்கொண்டார்கள். சட்டத்துக்குப் புறம்பான ஒரு கட்டணத்தைக் கட்டினால்தான் சரக்கைத் தருவேன் என்கிறது கம்பெனி. சரக்குக்காரர் வேறு வழியில்லாமல் கட்டி எடுத்துப் போகிறார். அளவுக்கு மீறி வாங்கிய அந்தத் தொகையை அவர் திரும்பப் பெறலாம் என்கிறது அந்த உதாரணம். ரயிலுக்குப் பதில் டாடா 407-ஐ வையுங்கள், எண்ணூர் வாசலில் நடப்பது கிட்டத்தட்ட அதேதான்.

பிரிவு 72 சொல்வது இவ்வளவுதான்: தவறுதலாகவோ வற்புறுத்தலுக்கு உட்பட்டோ ஒருவர் கொடுத்த பணத்தை, வாங்கியவர் திருப்பித் தர வேண்டும். வற்புறுத்தல் என்றால் கத்தியைக் காட்டி மிரட்டுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஒருவரைச் சம்மதிக்க வைப்பதற்காக அவருடைய பொருளைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைப்பதும் வற்புறுத்தல்தான் என்று பிரிவு 15 சொல்கிறது. "சாமான் வேணும்னா காசு கொடு" என்பது அந்த வகையில் வரும்.

'சட்டவிரோதமாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பேசிய கூலியில் பாக்கி வைத்துக்கொண்டு "என் பொருளைக் கொடு" என்று கேட்டால் கதை வேறு. தையற்காரரோ நகை செய்பவரோ தன் உழைப்பைப் போட்ட பொருளுக்கு உரிய கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று பிரிவு 170 உரிமை தருகிறது. ஆகவே நம் உதாரணத்தில் மீதி 11,000 ரூபாயைத் தயாராக வைத்திருப்பது முக்கியம். அதைக் கொடுக்கத் தயார் என்று காட்டிய பிறகும் பேசாத 6,000-க்காகக் கதவைப் பூட்டி வைப்பதுதான் தவறு.

வாட்ஸ்அப்பில் 'சரி' என்றால் ஒப்பந்தமா?

"எழுதிக் கையெழுத்து போடலையே, அப்புறம் எப்படி ஒப்பந்தம்?" என்று இரண்டு தரப்பும் கேட்கிறார்கள். வேலைக்காரர் தப்பிக்கவும் கேட்கிறார், வாடிக்கையாளர் பயந்துபோயும் கேட்கிறார். ஒருவர் முன்மொழிய வேண்டும், மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஏதாவது கொடுத்து ஏதாவது பெற வேண்டும், செய்யும் காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். பெரும்பாலான அன்றாட வேலைகளுக்கு இது போதும். முத்திரைத்தாள் தேவையில்லை, வாய்ச்சொல்லே ஒப்பந்தம்தான். வாய்ச்சொல்லை நிரூபிப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை இன்று கைபேசி பாதி தீர்த்துவிட்டது.

மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் பிரிவு 10ஏ சொல்கிறது. இதை நன்றாக விளக்கும் வழக்கு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு 5 கப்பல் பாக்சைட் தாது கொண்டுவர, டிரைமெக்ஸ் என்ற நிறுவனம் 2007 அக்டோபர் 15-ல் வேதாந்தா அலுமினியம் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் விலை சொன்னது. மறுநாளே மின்னஞ்சலில் சம்மதம் வந்தது. முறையான ஒப்பந்தப் பத்திரம் பின்னர் கையெழுத்தாக வேண்டியிருந்தது. அது ஆகாமலே தகராறு முளைத்தது. பத்திரம் இல்லையே என்ற வாதத்தை 2010-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. முக்கிய நிபந்தனைகள் மின்னஞ்சலில் பேசி முடிந்துவிட்டதால் ஒப்பந்தம் அப்போதே உருவாகிவிட்டது என்று சொல்லிவிட்டது. கப்பல் கப்பலாகத் தாது வாங்குவதற்கு மின்னஞ்சல் போதும் என்றால், பீரோவும் கட்டிலும் ஏற்றுவதற்கு வாட்ஸ்அப் போதாதா?

ஆனால் எல்லாப் பேச்சும் ஒப்பந்தம் ஆகிவிடாது. "எவ்வளவு ஆகும்?" "பத்தாயிரத்துக்குக் குறையாதுங்க." இது விலை பற்றிய பேச்சு மட்டுமே. மடிக்கேரியில் ஒரு பங்களா விற்பனை தொடர்பான வழக்கில், 10,000 ரூபாய்க்குக் குறைந்து ஏற்கமாட்டோம் என்று சொன்னது ஒரு முன்மொழிவு ஆகாது என்று 1951-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே "ஏறக்குறைய", "பார்த்துக்கலாம்", "முன்ன பின்ன" என்ற சொற்களோடு வரும் எஸ்டிமேட்டை முடிந்த விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "மொத்தம் எவ்வளவு, இதுல எதெல்லாம் சேர்த்தி?" என்று திருப்பிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிரிவு 7-ன்படி ஏற்பு என்பது நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும். அவர் 14,000 சொல்ல, நீங்கள் "12,000-னா வாங்க" என்று பதில் போட்டால் அது ஏற்பு ஆகாது. அது உங்கள் பக்கத்திலிருந்து போகும் புதிய முன்மொழிவு. அதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல் ஞாயிறு காலை லாரியோடு வந்து நின்றால், எந்த விலைக்கு வந்தார் என்பதில் தகராறு வர வாய்ப்பு உண்டு. சின்னத் தொகைதானே என்று விடும் இடம் இதுதான்.

டீசல் ஏறிப்போச்சு, வெயிட்டிங் ஆகிப்போச்சு

இனி அந்த 6,000-ஐப் பிரித்துப் பார்ப்போம்.

டீசல் வாதம் மிகப் பழையது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த அலோபி பிரசாத் என்ற நிறுவனம், போரினால் செலவு கூடிவிட்டது, எனவே பேசியதற்கு மேல் வேண்டும் என்று கேட்டது. நிறைவேற்றுவது கடினமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்பதற்காக ஒப்பந்த விலையைக் கைவிட முடியாது என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. போருக்கே அப்படி என்றால், சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இடையில் டீசல் ஏறியதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிட்டிங் சார்ஜும் அப்படித்தான். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்பது இந்தப் பகுதியில் தொழில் செய்யும் யாருக்கும் அதிசயம் அல்ல. விலை சொல்லும்போதே அதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டியவர் லாரிக்காரர். "2 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மணிக்கு இவ்வளவு" என்று முன்பே சொல்லி நீங்களும் சரி என்றிருந்தால், அப்போது கொடுக்கத்தான் வேண்டும்.

மாடிக் கூலியில்தான் விஷயம் கொஞ்சம் சிக்கல். அவர் "லிஃப்ட் இருக்கா?" என்று கேட்டு, நீங்கள் "இருக்கு" என்று சொல்லியிருந்தால் தவறு உங்கள் பக்கம். தவறான தகவலை நம்பி அவர் விலை சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவே இல்லை, நீங்களும் சொல்லவில்லை என்றால்? தினமும் இதே தொழில் செய்கிறவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது என்பதே நியாயமான பார்வை. ஆனாலும் மூன்று மாடிக்கு பீரோவைத் தோளில் சுமக்கப் போவது லோடுமேன்கள், கொட்டேஷன் போட்டவர் அல்ல. "மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை, தெரு குறுகல், லாரி உள்ளே வராது" என்று முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

வாசலில் நின்று நெருக்கடியில் "சரி தரேன்" என்று ஒப்புக்கொண்டால் அது கட்டுப்படுத்துமா? ஏற்கெனவே செய்ய ஒப்புக்கொண்ட அதே வேலைக்கு, புதிதாக எதுவும் செய்யாமல் கூடுதல் பணம் தருவதாகச் சொன்னால், அந்த வாக்குறுதிக்கு மறுபயன் இல்லை. 1877-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. வழக்கை நடத்தச் சம்மதித்துவிட்ட வக்கீலிடம், ஜெயித்தால் தனியாக இனாம் தருவதாகக் கட்சிக்காரர் பிறகு வாக்குக் கொடுத்தார். வழக்கு ஜெயித்தது. இனாம் வரவில்லை. வக்கீல் வழக்குப் போட்டார், தோற்றார்.

வேலைக்காரர் பக்க நியாயமும் உண்டு

இதுவரை படித்துவிட்டு, "கூடுதலா ஒரு பைசா தரவேண்டியதில்லை" என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். இரண்டு ரூம் பெயிண்டிங் பேசிவிட்டு, வேலை நடக்கும்போது "தம்பி, அப்படியே அந்தக் கிரில் கேட்டுக்கும் ஒரு கோட் அடிச்சிடேன்" என்று சொல்கிறோம். அடித்துவிடுகிறார். விலை பேசவில்லை. பில் வரும்போது "கேட்டுக்குக் காசா? அது சும்மா சொன்னது" என்றால் அது செல்லாது.

பிரிவு 70 இதற்காகவே இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் உங்களுக்காக முறையாக ஒரு வேலை செய்து, அதன் பலனை நீங்கள் அனுபவித்தால், நியாயமான தொகையைக் கொடுத்தாக வேண்டும். மேற்கு வங்க அரசு அதிகாரிகள் கேட்டுக்கொண்டதன்பேரில் பி.கே. மண்டல் நிறுவனம் சேமிப்புக் கொட்டகைகள் கட்டிக் கொடுத்தது. முறைப்படி ஒப்பந்தம் ஆகவில்லை என்று சொல்லி அரசு பணம் தர மறுத்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கொட்டகையை ஏற்றுப் பயன்படுத்தியதால் பணம் தர வேண்டும் என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசுக்கே அந்தச் சட்டம்தான்.

இங்கே 'ஏற்று' என்பதுதான் முக்கியம். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், கேட்காமலே ஏசிக்கு கேஸ் நிரப்பிவிட்டு 3,000 கேட்டால், உங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பே கிடைக்கவில்லை. கேட்காத வேலையை ஒருவர் மேல் திணித்துக் காசு கேட்க முடியாது.

ஆஸ்திரேலியாவில் உறவினர் இருப்பவர்கள் அங்கே இது எப்படி என்று கேட்கலாம். நம்மைப் போலவே அவர்களுக்கும் வேர் ஆங்கிலேயச் சட்டம்தான். ஆனால் நம் 1872 சட்டம் போல ஒரே புத்தகமாக ஒப்பந்தச் சட்டம் அங்கே இல்லை, பெரும்பகுதி தீர்ப்புகளாகவே வளர்ந்தது. விக்டோரியா மாநிலத்தில் வீடு கட்டும் வேலைக்கு மட்டும் தனிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். நடுவில் வேலையை மாற்றினால் அதை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். 2019-ல் மேன் எதிர் பேட்டர்சன் வழக்கில், வீட்டுக்காரர் வாயால் கேட்ட மாற்றங்களைச் செய்துவிட்டுக் கூடுதல் தொகை கேட்ட கட்டட நிறுவனத்திடம், அந்த எழுத்து நடைமுறையை ஒதுக்கிவிட்டுப் பொது நியாயம் என்ற பக்கவாட்டு வழியில் வரமுடியாது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ச் சின்ன வேலைகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஆனால் கட்டட வேலையில் "அண்ணே, சமையல்ரூம் மேடைக்குக் கிரானைட் போடுறீங்கள்ல, எவ்வளவு சேரும்?" என்று ஒரு மெசேஜ் கேட்டு வாங்கிக்கொள்வதை நாமே பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில்

"கண்டிஷன் எல்லாம் பில்லுக்குப் பின்னாடி இருக்கு, பாக்கலையா?" என்று கேட்பார்கள். அச்சடித்துவிட்டால் எல்லாமே செல்லும் என்பது இல்லை. இதற்கு நம்ம சென்னை வழக்கு ஒன்றே இருக்கிறது. லில்லி ஒயிட் என்ற சலவை நிலையத்தில் ஒரு புதுப் புடவையைக் கொடுத்தார் வாடிக்கையாளர். புடவை தொலைந்துபோனது. தொலைந்தால் சந்தை விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருந்தது. அப்படி ஒரு நிபந்தனையை ஏற்றால் யார் வேண்டுமானாலும் புதுத் துணியை 15 சதவீத விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடும். பொதுநலனுக்கு எதிரானது என்று சொல்லி அந்த நிபந்தனையைச் சென்னை உயர் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. 1960-களில் வந்த தீர்ப்பு அது. இன்றைக்குச் செயலிகளில் "ஐ அக்ரி" அழுத்தும்போதும் நினைவில் வைக்கத்தக்கது. ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனைகளை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தனியாகவே 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று வரையறுத்திருக்கிறது. அந்தப் புகார் மட்டும் மாநில ஆணையத்தில் தொடங்கும், மாவட்ட ஆணையத்தில் அல்ல.

செயலியில் இன்னொரு தந்திரம் உண்டு. முதல் பக்கத்தில் 499 ரூபாய் காட்டும். பணம் கட்டும் பக்கத்தில் வசதிக் கட்டணம், கையாளும் கட்டணம் என்று ஏறி 600-ஐத் தாண்டும். முழு விலையை முன்கூட்டிச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதையும், கேட்காத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நைசாகச் சேர்ப்பதையும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதலில் தடை செய்திருக்கிறது. 13 வகை ஏமாற்று வடிவமைப்புகள் அந்தப் பட்டியலில் உள்ளன. ஹோட்டல் பில்லில் தானாகச் சேர்க்கப்படும் சர்வீஸ் சார்ஜுக்கும் 2022 ஜூலை 4-லேயே அதே ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அதை உறுதி செய்தார்.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. "ஜிஎஸ்டி தனி" என்று கடைசியில் 18 சதவீதம் ஏற்றினால், முதலில் அவருடைய 15 இலக்கப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயரும் நிலையும் வந்துவிடும். பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது.

பேரம் பேச இடமில்லாத கட்டணங்கள்

சில கட்டணங்கள் ஒப்பந்தத்தில் வருவதில்லை, சட்டத்திலிருந்து வருகின்றன. வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒருவர் வீட்டுச் சாமானைக் கப்பலில் அனுப்பி, துறைமுகத்திலிருந்து எடுக்கத் தாமதமானால், இலவச நாட்கள் முடிந்ததும் தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். "என் தப்பு இல்லையே, ஆபீஸ்ல பேப்பர் லேட்டு" என்று சொல்லலாம். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கும் அமின்சந்த் பியாரிலால் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. இறக்குமதியாளரின் தவறு இல்லாமல் சரக்கு தேங்கியிருந்தாலும், சட்டப்படி நிர்ணயித்த கட்டணத்தைத் துறைமுகம் வசூலிக்கலாம் என்று முடிவானது. அதனால் கப்பல் வருவதற்கு முன்பே காகிதங்களைத் தயார் செய்துவிடுவது நல்லது. நடுவில் இருக்கும் ஏஜென்ட் கேட்கும் கட்டணம் மட்டும் ஒப்பந்த விஷயம். அவர் பில்லில் துறைமுகத்துக்குக் கட்டியது எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று பிரித்து, துறைமுக ரசீதோடு கேளுங்கள்.

இதற்கு நேர் எதிராக, சட்டம் நிர்ணயித்த விலைக்கு மேல் கேட்கும் இடங்களில் நமக்குச் சாதகம். பொட்டலத்தில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் தண்ணீர் பாட்டில் விற்பது இந்த வகை. பில்லில் உள்ள தொகைக்கு மேல் கேஸ் சிலிண்டர் டெலிவரிக்குக் கேட்பதும் அப்படியே. விரும்பி டிப்ஸ் கொடுப்பது உங்கள் இஷ்டம். கேட்டு வாங்குவது அவர் உரிமை அல்ல.

யார் நுகர்வோர்?

நுகர்வோர் ஆணையம் எளிது, செலவு குறைவு. ஆனால் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் அங்கே போக முடியாது. காசிமேட்டில் சொந்தப் படகில் தானே கடலுக்குப் போகும் ஒருவர், எஞ்சின் ரிப்பேரில் கூடுதல் பில் போட்டார்கள் என்றால் புகார் கொடுக்கலாமா? சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பயன்படுத்தினால் அவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே விளக்கம் தருகிறது. 1995-ல் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்துக்கு எதிராக லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில், தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோ வாங்குகிறவர் நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் உதாரணம் காட்டியது. ஆனால் அந்த வழக்கைப் போட்ட நிறுவனத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பத்துப் படகு வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கும், திருவொற்றியூரில் பலரை வேலைக்கு வைத்திருக்கும் லேத் பட்டறைக்கும் சிவில் நீதிமன்றம்தான் வழி.

கையில் போனை எடுத்து என்ன செய்வது?

லாரி வாசலில் நிற்கும்போது முதல் வேலை சண்டை அல்ல, பதிவு. பேசிய தொகை இருக்கும் சாட்டை அவரிடம் காட்டுங்கள். மீதித் தொகை தயாராக இருக்கிறது என்று அதே எண்ணுக்கு மெசேஜ் போடுங்கள். குழந்தைக்கு மருந்து உள்ளே இருக்கிறது, இருட்டிவிட்டது என்பது போன்ற நிலையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ரொக்கமாகத் தராமல் யுபிஐ-யில் அனுப்புங்கள். உடனே ஒரு மெசேஜ்: "பேசிய 14,000-க்கு மேல் நீங்கள் கேட்ட 6,000 ரூபாயை, சாமானை இறக்க மறுத்ததால் மட்டும், என் எதிர்ப்பைத் தெரிவித்துக் கொடுக்கிறேன். இது நான் ஒப்புக்கொண்ட தொகை அல்ல." இந்த இரண்டு வரிதான் பின்னால் பிரிவு 72-க்கு உங்கள் சாட்சி.

சாமானோடு லாரி கிளம்பிப் போய்விட்டால் அது கட்டணத் தகராறு என்ற எல்லையைத் தாண்டுகிறது. ஒப்படைத்த பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு சரக்கு ஏற்றுபவர் தனதாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316-ன் கீழ் 7 ஆண்டுவரை சிறை உண்டு. வண்டி எண்ணைப் போட்டோ எடுத்து 112-ஐ அழையுங்கள்.

சாட்டை அழிக்க வேண்டாம். 'மறையும் மெசேஜ்' வசதி ஆன் ஆகியிருந்தால் நிறுத்திவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது மேலே எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். பெயராகச் சேமித்திருந்தால் எண் தெரியாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சாட்டை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வழக்கு முடியும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எவ்வளவு பேசியது, எவ்வளவு கூடுதலாக வாங்கினார்கள், 15 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம். வாட்ஸ்அப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெயர் உள்ள நிறுவனம் என்றால் பெரும்பாலும் இங்கேயே முடிய வாய்ப்பு உண்டு. போன் நம்பர் மட்டும் வைத்துத் தொழில் செய்பவர் என்றால் கஷ்டம். அதனால்தான் அட்வான்ஸ் அனுப்பும் முன்பே முகவரியும் பில்லும் கேட்க வேண்டும்.

அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வடசென்னையில் வசிப்பவர்களுக்குச் சென்னை வடக்கு ஆணையம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பெங்களூரிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. தகராறு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தைக் கேட்கலாம்.

போனிலிருந்தே தாக்கல் செய்ய இ-ஜாக்ரிதி தளம் 2025 ஜனவரி 1 முதல் இருக்கிறது. மொபைல் எண்ணைக் கொடுத்து ஓடிபி மூலம் பதிவு செய்துகொள்ள வேண்டும். நடந்ததைத் தேதி வாரியாக எழுதிய புகார், உறுதிமொழிப் பத்திரம், சாட், யுபிஐ ரசீது, அனுப்பிய கடிதம் இவற்றை பிடிஎஃப் ஆக்கித் தயாராக வைத்திருங்கள். கூடுதலாகக் கொடுத்த தொகை, அலைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சமரசத்துக்கு அனுப்பினால் தயங்க வேண்டாம். 6,000 ரூபாய்த் தகராறு ஒரே அமர்வில் 5,000-க்கு முடிந்துவிட்டால், பல வாய்தாக்களுக்கு வேலையை விட்டுப் போவதைவிட அது மேல் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நேரில் போக முடியாவிட்டால் காணொலி வழியே விசாரிக்கும்படியும் விண்ணப்பிக்கலாம்.